பாட்டைத் தவிர எல்லாம் செய்தி

மலேசியத் தோட்டத்துப் பிள்ளையின் பெயர் பேப்பரில் வர மூன்று வழிதான் உண்டு. விபத்திலோ வெட்டுக்குத்திலோ மாட்ட வேண்டும். கோயிலையோ லயத்தையோ உடைக்க வரும் புல்டோசருக்கு முன்னால் நின்று சத்தம் போட வேண்டும். இரண்டும் வாய்க்காவிட்டால் ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் யூபிஎஸ்ஆர் தேர்வில் ஏழு ஏ வாங்க வேண்டும். அந்தத் தேர்வையும் 2021இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் பாட்டுக்காரனுக்கு இடமே இல்லை. ஆனால் கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும், கிழக்கே பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார், களும்பாங் வரைக்கும் போய்ப் பாருங்கள். சொந்தமாகப் பாட்டுப் போடும் ஒரு பையனாவது இல்லாத தாமானைக் காண்பது கஷ்டம். பகலில் புஞ்சாக் அலாம் பக்கம் தொழிற்சாலை வேலை, அல்லது லோரி, அல்லது செம்பனை ஆலை. ராத்திரியில் மூன்று அறை மலிவு விலை வீட்டின் கடைசி அறைதான் ஸ்டூடியோ. சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு மைக், ஒரு லேப்டாப். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும், இல்லையென்றால் இரைச்சல் ஏறிவிடும். சட்டையெல்லாம் நனைந்து நல்ல டேக் ஒன்று அமைந்து வரும்போது வெளியே கப்சாய் மோட்டார் ஒன்று கிழித்துக்கொண்டு போகும். மறுபடியும் முதலிலிருந்து.

பாட்டு முடிந்து யூடியூப்பில் ஏறிய அன்று ராத்திரியே வீட்டில் ஒரு கேள்வி வரும். அப்பா கேட்பார், இல்லை பெரியம்மா கேட்பார். "பேப்பர்ல வருமாப்பா?"

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. வரவில்லையென்றால் ஏக்கம். வந்ததைப் படித்தாலோ, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்ற சங்கடம். தனியாகப் பாட்டுப் போடும் கலைஞர்களுக்கும் பத்திரிகைக்கும் இடையில் இந்த இரண்டு உணர்ச்சிகளும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதில் யார் பக்கம் நியாயம் அதிகம் என்று கேட்டால், எனக்குப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

ஒரு பாடல் வெளியீட்டுச் செய்தி எப்படி அச்சுக்குப் போகிறது என்பதைச் செய்தி மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். தேவானில் விழா. ஏழு மணி என்று அழைப்பிதழில் இருக்கும்; தலைமை தாங்கும் டத்தோ வந்து சேர எட்டரை ஆகும். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பொன்னாடை. முன்பெல்லாம் முதல் குறுந்தட்டை டத்தோ பெற்றுக்கொண்டு ஓர் உறையைக் கொடுப்பார். இப்போது குறுந்தட்டு கிடையாது, பாட்டு ஏற்கெனவே போனில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சட்டமிட்ட போஸ்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டு உறையை வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் செய்தியின் முதல் பத்தியில், இந்திய இளைஞர்கள் கலைத்துறையிலும் முன்னேற வேண்டும் என்று டத்தோ கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் பத்தியில் அவர் எந்தக் கட்சியில் எந்தத் தொகுதியில் எவ்வளவு காலமாகச் சேவை செய்கிறார் என்பது. மூன்றாவதிலோ நான்காவதிலோ பாடகரின் பெயர், பாதி நேரம் ஓர் எழுத்துப் பிழையோடு. எந்தத் தோட்டத்தில் பிறந்தார், அப்பா பால்மரம் வெட்டியவரா, அம்மா விடியலில் எத்தனை மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனார் என்பதெல்லாம் தவறாமல் இருக்கும். கடைசி வரி எல்லாருக்கும் மனப்பாடம்: உள்ளூர்க் கலைஞர்களுக்கு நம்மவர்கள் ஆதரவு தர வேண்டும்.

பாட்டு எதைப் பற்றியது? மெட்டு யாருடையது? உறுமியும் கீபோர்டும் எந்த இடத்தில் சேர்கின்றன, இரண்டாவது சரணத்தில் ஏன் தாளம் மாறுகிறது? நல்ல பாட்டா, சுமாரான பாட்டா? அதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. செய்தி எழுதியவர் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டார். கேட்கும்படி யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

இதற்காக அந்தப் பையன் செய்தியைக் கிழித்துப் போட்டுவிடுவதில்லை. அம்மா அதைக் கத்தரித்து, டவுனுக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து, ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். அதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. அடுத்த கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் பேரம் பேசும்போது கமிட்டித் தலைவரிடம் காட்டலாம். பெண் பார்க்கப் போகும் வீட்டில், பையன் ராத்திரியெல்லாம் விழித்திருப்பது வேறு காரணத்துக்காக இல்லை என்று புரியவைக்கலாம். ஒரு காகிதம் இவ்வளவு வேலை செய்கிறது என்றால் அதை இளப்பமாகப் பேச முடியாது. ஆனால் அதைத் தினம் ஹாலில் கடந்து போகிறவனுக்குத் தெரியும், அதில் இருப்பது அப்பாவின் பால்வாளியும் டத்தோவின் புன்னகையும்தான். அவன் மூன்று மாதம் இழைத்த பாட்டு அதில் இல்லை.

நேசனும் தோட்டமும்

சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் தமிழ்ப் பத்திரிகைக்கும் உள்ள உறவு இப்படி மேலோட்டமானதாகத் தொடங்கவில்லை. நரசிம்ம ஐயங்கார் 1924இல் தமிழ் நேசனைத் தொடங்கினார். அடுத்த பதினேழாம் ஆண்டில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இன்னொன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். பத்திரிகைக்காரன் என்றால் நமக்காக ஜெயிலுக்குப் போகிறவன் என்று தோட்டத்து மக்கள் நம்பியதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

தண்ணீர்க் குழாயில் செம்மண் வந்தால், பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால், கிராணி சம்பளத்தில் கை வைத்தால் "பேப்பர்ல போட்டுருவேன்" என்று சொன்ன தலைமுறை அது. ஒரு பேப்பர் வாங்கி முடிதிருத்தும் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். எழுதவும் செய்தார்கள். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையிலேயே சிறுகதை எழுதப் பாடம், பயிற்சி, வந்த கதைகளுக்கு மதிப்பீடு. மலாயாவில் சிறுகதை என்ற வடிவம் கால் ஊன்றியதில் அந்த வகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இலக்கிய வரலாறு படித்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வது. பிறகு வந்த ஞாயிற்றுப் பதிப்புகளும், ஆதி. குமணனின் வானம்பாடி இதழும் கவிதைக்கும் கதைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தன. லயத்து விளக்கில் எழுதி அனுப்பிய கவிதையை ஒருவர் பாராட்டுவார், அடுத்த வாரம் இன்னொருவர் கிழிப்பார். சண்டை மூன்று வாரம் ஓடும். எழுதியவன் கோபத்தில் இன்னும் நன்றாக எழுதுவான்.

பாட்டுக்கு அப்படி ஒரு வகுப்பு நடக்கவில்லை. இதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். இத்தனைக்கும் அந்த லயங்களில் கதையைவிடப் பாட்டுதான் அதிகம் இருந்தது. நடவுப் பாட்டு இங்கே பால்மரப் பாட்டாக மாறியது. தாலாட்டில் கங்காணியும் கப்பலும் நுழைந்தார்கள். ஒப்பாரியில் மலாயாவைத் திட்டினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இசைக்குழு வைத்து, திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசித்தார்கள். இவற்றை ஆய்வாளர்கள் சிலர் பின்னால் வந்து தொகுத்தார்கள். அந்தந்தக் காலத்தில் பத்திரிகை அவற்றை எழுதியது, திருவிழா இனிதே நடைபெற்றது என்ற செய்தியின் ஐந்தாவது வரியாக. கதை எழுதியவனுக்கு விமர்சனம் கிடைத்தது. பாடியவனுக்குப் பொன்னாடை கிடைத்தது. இரண்டில் எது கலைஞனை வளர்க்கும் என்பது தெரிந்த விஷயம்.

தமிழ் நேசனும் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் ஓடிய பேப்பர்.

கோல சிலாங்கூர் உலகப் பத்திரிகைகளில் வராத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. நட்டவர் ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் இங்கே வாழ்ந்த அனுபவத்தை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. நாவலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். பாரிஸ் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. அந்தத் தொழிலாளர்கள் ராத்திரியில் என்ன பாடினார்கள் என்று அவர்களையே கேட்டு எழுத ஒரு பத்திரிகையாளரும் அன்றைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

இன்றும் பெரிய அளவில் காமிராக்கள் வருவது இடைத்தேர்தலுக்குத்தான். 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோது நாட்டின் அத்தனை பத்திரிகைகளும் பத்தாங் பெர்ஜுந்தையில் கூடாரம் அடித்தன. அந்த ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியதும் அதே ஆண்டில்தான். 2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தல். அப்போது மேரி, மிஞ்ஞாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு வீடு எப்போது கிடைக்கும் என்ற பழைய கேள்வி மறுபடியும் தலைப்புச் செய்தியானது. தேர்தல் முடிந்ததும் வந்த வேன்களெல்லாம் திரும்பிப் போயின. இப்படிப்பட்ட சமயங்களில் வேட்பாளரை வரவேற்கும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். மாலைக்குப் பின்னால் உறுமிக்காரர்கள் நிற்பார்கள். பட விளக்கத்தில் வேட்பாளர் பெயர் இருக்கும், கிளைத் தலைவர் பெயர் இருக்கும், மாலை போட்ட அம்மாவின் பெயர்கூட இருக்கும். உறுமி அடித்தவனுக்குப் பெயர் கிடையாது.

உறுமியும் குண்டர் செய்தியும்

உறுமியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசியத் தோட்டங்கள் இந்த நாட்டுக்குத் தந்த இசையில் இன்றைக்கும் உயிரோடு, அதுவும் இளைஞர்கள் கையில் இருப்பது அதுதான்.

இரண்டு முகம், நடுவில் ஒடுங்கிய இடை. இடது முகத்தில் விளக்கெண்ணெய் தடவி, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் எழும். வலது முகத்தில் இன்னொரு குச்சி அடித்துக் கணக்கு வைக்கும். தேய்க்கிற கை தளர்ந்தால் சத்தம் வெறும் கீச்சாகிவிடும். அதிகம் அழுத்தினால் தோல் போய்விடும். ஐந்தாறு உறுமி ஒன்றாகச் சேர்ந்து, மைக்கில் ஒருவன் காளியம்மாவைக் கூப்பிட்டு வரி எடுத்தால், காவடி தூக்கியவன் கால் தரையில் நிற்காது. இதை எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. கோயில் வாசலில் அண்ணன்மார் அடிப்பதைப் பார்த்துத் தம்பிமார் கற்றுக்கொண்டது. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனையாகி, லயத்துச் சனம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறியபோது கூடவே வந்தது குலதெய்வமும் இந்த மேளமும்தான்.

பத்திரிகையில் உறுமி மேளம் எப்போது வரும்? தைப்பூசத்துக்கு முன்னால், என்னென்ன நிபந்தனை என்ற அறிவிப்பில் வரும். சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது, கும்பல் சின்னமுள்ள சட்டை போடக் கூடாது. தைப்பூசத்துக்குப் பின்னால், யார் யாரை அடித்தார்கள் என்ற செய்தியில் வரும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட பிறகு, மேளக் குழுவின் சட்டையில் எந்தக் கும்பலின் எண் இருக்கிறது என்று பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

இதில் பத்திரிகை பொய் சொல்லவில்லை. சில குழுக்கள் அந்தச் சகவாசத்தில் இருந்தது உண்மை. அடியாளைக் கடவுளாக்கும் பாட்டுகள் வந்ததும், இன்றும் வருவதும் உண்மை. அவற்றைக் கண்டித்து எழுதத்தான் வேண்டும். ஆனால் வெட்டுக்குத்து நடந்த இரவுச் செய்திக்குப் பக்கத்தில், ஆவணக் கோப்பிலிருந்து ஏதோ ஒரு மேளக் குழுவின் பழைய படத்தை எடுத்துப் போட்டால், அந்தப் படத்தில் இருப்பவன் திங்கட்கிழமை வேலைக்குப் போய் யாருக்கு என்ன விளக்கம் சொல்வான்? நல்ல விதமாகப் பேப்பரில் வருவதற்கு அவனுக்கு டத்தோ வேண்டும். கெட்ட விதமாக வருவதற்கு ஒரு பழைய படம் போதும். பேப்பர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் சில மேளக்காரப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான்.

சென்னை வழியாக வரும் பெருமை

உள்ளூர்ப் பத்திரிகை நம்மை இசைக்காரனாகப் பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். யோகி பி என்கிற யோகேஸ்வரன் 1990களிலேயே பொயட்டிக் அம்மோ குழுவில் ராப் பாடிக்கொண்டிருந்தவர். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1998இல் வந்தது. 2006இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இளையராஜாவின் பழைய பாட்டைத் தொட்டு அதில் செய்த 'மடை திறந்து' தமிழ்நாட்டின் எஃப்எம்களை ஆட்டிவைத்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் குரல் கொடுத்தார். பிற்பாடு 'விவேகம்', 'காலா' வரை அந்தக் குரல் ஒலித்தது. தமிழ் ராப்புக்கு மலேசியாதான் தாய்வீடு என்று இன்று நாமே மார்தட்டிக்கொள்கிறோம். அந்த ஆல்பம் இங்கே கேசட் கடைகளில் அடுக்கியிருந்த நாளில், அதில் இருக்கும் சொற்கட்டைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ நம் பத்திரிகையில் உருப்படியாக எழுதிய பக்கம் எத்தனை?

முகேன் ராவ் கதையும் அப்படித்தான். இங்கே பாடகராக இருந்தவர். 2019 அக்டோபரில் பிக்பாஸ் தமிழ் மூன்றாம் பருவத்தின் பட்டத்தை வென்றார். அந்த வீட்டுக்குள் அவர் பாடிய பாட்டை ஊரே முணுமுணுத்தது. நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படங்கள். எல்லாம் சரி, வெற்றியைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் ஏழு ஏ வாங்கிய பிள்ளையைப் பற்றி எழுதும் அதே நடையில்தான் எழுதினார்கள்: கஷ்டப்பட்ட குடும்பம், விடாமுயற்சி, பெற்றோர் கண்ணீர், சமுதாயத்துக்குப் பெருமை.

பினாங்கின் அலிகேட்ஸ் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாட்டு வழியாக நாட்டையே பிடித்தது வேறு கதை. அவர்களுக்கு மலாய்ப் பத்திரிகையும் இருந்தது. தமிழில் மட்டும் பாடுகிறவனுக்கு அந்தக் கதவு கிடையாது.

அறிவின் அட்டைப்படம்

வராவிட்டால் ஏக்கம், வந்தால் சங்கடம் என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையை உலகம் முழுக்கப் பார்த்தது 2021இல். அது நடந்தது தமிழ்நாட்டில். ஆனாலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான சம்பவம் கிடையாது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவில் தொடங்கிய மாஜ்ஜா என்ற இசை நிறுவனம். அரக்கோணத்துப் பிள்ளையான அறிவு அதற்கு முன்பே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் மேடையில் நின்றவர். 2019இல் 'தெருக்குரல்' என்ற ஆல்பம் கொண்டுவந்தவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் ஊர் திரும்பிய குடும்பம். அந்த நினைவிலிருந்துதான் பாட்டின் சொற்கள் வந்தன. தேயிலையை எடுத்துவிட்டுப் பால்மரத்தை வைத்தால் அது நம் பாட்டியின் கதை. இங்கே கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டுக்கு ஆடாதவர் யார்?

ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டை வந்தது. அந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' என்ற இன்னொரு பாட்டையும் முன்வைத்த அட்டை. படத்தில் தீ இருந்தார். கனடாவின் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. அதற்குச் சற்று முன்னால் டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸின் விளம்பரத்திலும் அவர் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். இந்தியா முழுக்க விவாதம் கிளம்பியது. சில நாட்களில் அறிவை முகப்பில் வைத்து இன்னொரு அட்டை வந்தது.

விஷயம் அதோடு முடிந்துவிட்டதாகத்தான் அப்போது எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அன்று அங்கே இல்லை. சில நாட்களில் அவர் பாட்டின் உருவாக்கத்தில் தன் பங்கைச் சொல்லி இன்ஸ்டாகிராமில் எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் எந்த வரிக்குச் சொந்தக்காரர் என்ற பஞ்சாயத்தில் பத்திரிகைகள் பல நாள் பிழைத்தன. 2024 மார்ச்சில், இத்தனை கோடிப் பேர் பார்த்த பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். மறுபடியும் தலைப்புச் செய்தி.

இதில் பத்திரிகை செய்தது நல்லதா கெட்டதா? ஒரு பத்திரிகை அட்டையில் அறிவை விட்டுவிட்டது. மற்ற பத்திரிகைகள் எழுதியதால்தான் அவர் இடம் திரும்பக் கிடைத்தது. அந்தச் சத்தம் எழாமல் போயிருந்தால், பாட்டி கதையைக் கொண்டுவந்தவன் பெயர் மெல்ல உதிர்ந்து போயிருக்கும். இந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அறிவைப் பற்றிப் பேட்டி என்றாலே முதல் கேள்வி சர்ச்சையைப் பற்றித்தான். எந்த மெட்டில் ஒப்பாரி எங்கே கலக்கிறது, பாட்டியின் பேச்சு ராப்பாக எப்படி உருவெடுத்தது என்று கேட்கக் காத்திருந்த வாசகனுக்கு, யார் யாரோடு பேசுவதில்லை என்ற தகவல்தான் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் அட்டைக்கே இந்தக் கதி என்றால் பெஸ்தாரி ஜெயா பையன் ஒற்றைப் பத்திச் செய்திக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்!

இனிமேல் பேப்பர் யாருக்கு வேண்டும், கையில்தான் யூடியூப் இருக்கிறதே, டிக்டாக் இருக்கிறதே என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக்க உண்மையாகப் படவில்லை. அதே இளைஞர்கள்தான் இணையத்தில் ஒரு செய்தித் துணுக்கு வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாள் முழுக்க ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். தன் பக்கத்தில் தானே ஆயிரம் சொல்லலாம். தெரியாத ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியதற்கு உள்ள மதிப்பே வேறு. பத்திரிகைகளும் இப்போது யூடியூப்பைப் பார்த்துத்தான் செய்தி போடுகின்றன. பத்து லட்சம் பார்வை தாண்டினால் செய்தி, தாண்டாவிட்டால் இல்லை. பழைய மூன்று வழிகளோடு நான்காவதாக இது ஒன்று சேர்ந்திருக்கிறது. அதற்கும் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

காசு கொடுத்தால் முழுப் பக்கம் என்ற வியாபாரமும் சில இடங்களில் நடக்கிறது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது விளம்பரம், விளம்பரம் என்று மேலே அச்சிட்டால் சரி.

நான் பேசிய பாட்டுக்காரர்கள் யாரும் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. திட்டினாலும் பாட்டைத் திட்டட்டும் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். ஒரு சரணம் இழுக்கிறது, இந்த வரி வேறொரு பாட்டை ஞாபகப்படுத்துகிறது, உறுமியைக் கணினியில் வாசித்திருக்கிறாய், தோலில் வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யாராவது அச்சில் சொன்னால் அடுத்த பாட்டுக்கு அது உதவும். எழுபது ஆண்டுகளுக்கு முன் கதைக்கு வகுப்பு நடத்தத் தெரிந்த பத்திரிகை உலகத்துக்கு, வாரம் ஒரு பாட்டைக் கேட்டு அரைப் பக்கம் எழுதுவது முடியாத காரியம் இல்லை. அதற்குச் சங்கீதம் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்ல ஹெட்போன் ஒன்றும் ஒரு மணி நேரமும் வேண்டும். சினிமா விமர்சனத்துக்கு நாம் ஒதுக்காத நேரமா?

எடிட்டர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: குண்டர் செய்திக்கு மேளக் குழுவின் பழைய படத்தைப் போடாதீர்கள். வெளியீட்டு விழாச் செய்தியில் பாட்டு எழுதியவர், இசைத்தவர், வாசித்தவர் பெயர்களை முதல் பத்தியில் போடுங்கள்; தலைமை தாங்கியவர் கடைசியில் வரட்டும். வாசகர்களே, கடிதம் எழுதும்போது பாட்டைப் பற்றிச் சண்டை போடுங்கள், இடம் தருகிறோம்.

பாட்டுக்காரத் தம்பி தங்கைகளே, நீங்களும் பொன்னாடைப் படங்களை மட்டும் அனுப்பிவிட்டுச் செய்தி வரவில்லை என்று வருந்தாதீர்கள். பாட்டின் இணைப்பை அனுப்புங்கள், வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள், உறுமி அடித்தவர் பெயர்வரை எழுதி அனுப்புங்கள். படம் ஒன்று போதும். அதில் டத்தோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை.